“அம்மா, இன்னொரு கார்டு குடுங்க”

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம். கிள்ளானில் நாங்கள் வழக்கமாகப் போகும் பேரங்காடியில் கூட்டம் நெரிந்தது. என் தள்ளுவண்டியில் கோதுமை மாவு, எண்ணெய், சீனி, நெய், பிள்ளைகளுக்கு இரண்டு சட்டைகள். மொத்தம் 386 வெள்ளி. கார்டை நீட்டினேன். கேஷியர் பெண் இயந்திரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “தாக் லெப்பாஸ், காக்” என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற என் மூத்த மகள் சொன்னாள்: “அம்மா, இன்னொரு கார்டு குடுங்க. அந்தப் பச்சைக் கார்டு.”

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, பதற்றமே இல்லாமல் சொன்னாள். நீலக் கார்டு போகாவிட்டால் பச்சை, பச்சையும் போகாவிட்டால் சிவப்பு. வரிசையை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். என் கணவருக்கு நீலக் கார்டு ஒன்று இருப்பது மட்டுமே தெரியும். அன்று அவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

பச்சைக் கார்டும் போகவில்லை. சட்டைகளையும் நெய்யையும் எடுத்து வைத்துவிட்டு, கையில் இருந்த ரொக்கத்துக்கு மற்றதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களின் முகங்களை நான் பார்க்கவில்லை. மகள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். யார் எத்தனை நாள் பாக்கி வைத்திருக்கிறார்கள், யாருக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. பகலில் ஊரார் பாக்கியைத் துரத்துவேன். இரவில் என் பாக்கிக்கு வரும் அழைப்புகளை எடுக்காமல் தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் கவிழ்த்து வைப்பேன்.

எப்படி இந்த அளவுக்கு வந்தது?

ஆடம்பரம் என்று எதுவும் இல்லை. கடன் என்றதும் கைப்பை, வெளிநாட்டுச் சுற்றுலா என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் கணவர் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி. ஓ.டி. சேர்த்துக் கையில் 2,900 வரை வரும். என் கைக்கு 3,350 வரும். 2019-இல் சமையலறையை இழுத்துக் கட்ட 20,000 வெள்ளி தனிநபர் கடன் வாங்கினோம். மாதம் 365 வெள்ளி, 7 ஆண்டுகள். வீட்டுக் கடன் 980, கார் 520. அன்றைய வருமானத்துக்கு அது சுமையாகத் தெரியவில்லை.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஓ.டி. நின்றது. அவர் கொண்டுவந்த பணம் 1,680 ஆனது. செலவு மட்டும் அப்படியே நின்றது. இணைய வகுப்புக்கு மடிக்கணினி வேறு வாங்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் வழக்கம் என்னவென்றால், அவர் சம்பளத்தை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவார். “நீதான் கணக்குக்காரி” என்பார். அந்த மாதம் பணத்தைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். “போதுமாம்மா?” என்று கேட்டார். “போதும்ங்க” என்றேன்.

அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் இரண்டரை ஆண்டுகள் கார்டைத் தேய்த்தேன்.

வீட்டுக் கடனுக்கும் காருக்கும் அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு கிடைத்தது. கிரெடிட் கார்டுக்கு அந்த ஒத்திவைப்பு இல்லை. ஆனால் பாக்கியை 3 ஆண்டுக் கடனாக மாற்றிக்கொள்ளலாம், வட்டி 13 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்று ஒரு வாய்ப்பு தந்தார்கள். எனக்கும் தகவல் வந்தது. படித்தேன், மூடினேன். மாற்றினால் கார்டைப் பயன்படுத்த முடியாதே என்பதுதான் என் கவலை. இன்று நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

‘மினிமம்’ என்ற மாயம்

கார்டு அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்தப் பாக்கி, மற்றொன்று குறைந்தபட்சத் தொகை. பெரும்பாலும் அது பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இதில் எது அதிகமோ அது. நான் முதல் எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். இரண்டாவது எண்ணைக் கட்டிவிட்டால் அந்த மாதம் நல்ல பெண்.

நம் நாட்டில் கார்டு வட்டி மூன்று படிகளில் இருக்கிறது. 12 மாதமும் தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, சில மாதங்கள் தவறினால் 17, மற்றவர்களுக்கு 18. ஏதோ சின்ன எண்ணாகத் தெரியும். ஒருநாள் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் எக்செல்லைத் திறந்து கணக்குப் போட்டேன். 10,000 வெள்ளி பாக்கி, 18 விழுக்காடு வட்டி, இனி ஒரு காசுகூடத் தேய்க்கவில்லை, மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். கடன் முடிய 7 ஆண்டுக்கு மேல் ஆகிறது. வட்டி மட்டும் ஏறக்குறைய 4,000 வெள்ளி. இது கார்டைத் தொடாதவருக்கான கணக்கு. நான் கட்டிய மறுநாளே மளிகைக்குத் தேய்ப்பவள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் 20 நாள் வட்டியில்லாக் காலம். பாக்கி வைத்திருப்பவர் புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. நான் தேய்த்து வாங்கிய காய்கறி சமைத்து முடிவதற்குள் அதற்கு வட்டி ஓடத் தொடங்கியிருந்தது. கார்டிலிருந்து ரொக்கம் எடுத்தால் இன்னும் மோசம். 500 வெள்ளி எடுத்தால் 25 வெள்ளி கட்டணம், வட்டியும் அன்றே தொடங்கும். நான் அப்படி நான்கு முறை எடுத்தேன். இன்னொரு கார்டுக்கு மினிமம் கட்டுவதற்காக.

தப்பிக்க வழி தேடாமல் இல்லை. ஒரு வங்கிக் கார்டின் பாக்கியை இன்னொரு வங்கிக்கு மாற்றினால் ஓராண்டு வட்டியில்லை என்றார்கள். மாற்றினேன். பழைய கார்டு காலியாகிவிட்டது. காலியாக இருந்தால் சும்மா இருக்குமா? எட்டு மாதத்தில் அதுவும் நிரம்பியது. 2022 ஏப்ரலில் இபிஎஃப் சிறப்பு மீட்பு 10,000 வெள்ளி வந்தபோது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதில் 4,000 கார்டுக்குப் போனது. மீதி கூரை ஒழுகலுக்கும், சாலை வரிக்கும், மாமியாரின் கண் சிகிச்சைக்கும் போனது. ஆறே மாதத்தில் கார்டுகள் பழையபடி உச்சியைத் தொட்டன. முதுமைக்கு வைத்த பணம் போயிற்று, கடன் அங்கேயே நின்றது.

என் இரண்டு வளையல்களும் அடகுக் கடையில் இருந்தன. 2,500 வெள்ளிக்கு மாதம் 2 விழுக்காடு, அதாவது 50 வெள்ளி வட்டி. கல்யாணம் காட்சிக்குப் போகும்போது “வெயிலுக்குக் கை அரிக்குது” என்று சொல்லிக் கவரிங் போட்டுக்கொள்வேன்.

அந்த இரவு

பேரங்காடியிலிருந்து திரும்பிய அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மூன்று கார்டுகள், அறிக்கைகள், அடகுச் சீட்டு. ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். கார்டுகள் 14,260, 9,735, 6,120. ஆக 30,115 வெள்ளி. தனிநபர் கடனில் மீதி 13,200. ஓ.டி. கொஞ்சம் திரும்பி வந்திருந்ததால் அப்போது இருவர் வருமானமும் சேர்த்து 5,450. வீடு, கார், தனிநபர் கடன், மூன்று கார்டுக்கும் மினிமம் என்று 3,370 போய்விடும். மிஞ்சும் 2,080 வெள்ளியில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும், பெட்ரோல் போட வேண்டும். செலவோ 3,500. குறையும் பணம் கார்டிலிருந்துதான் வந்தது.

அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவர் தாளைப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போனார். இரவு பதினொன்றரை மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கழுவத் தொடங்கினார். அரைமணி நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து ஈரக் கையோடு நின்று சொன்னார்: “ஓ.டி. நின்னப்பவே சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன, தாங்கமாட்டேன்னு நினைச்சியா?”

என்னிடம் பதில் இல்லை. அவருக்கு வருத்தம் பணத்தைப் பற்றியதல்ல என்று புரிய எனக்குச் சில நாட்கள் ஆயின.

மூன்றாம் நாள் அவர் ஒரு யோசனையோடு வந்தார். கம்பெனியில் ஒருவருக்குத் தெரிந்த ஆள் இருக்கிறாராம். 5,000 வெள்ளி வாங்கலாம். முதல் வட்டியைக் கழித்துக்கொண்டு கையில் 4,000 தருவார். வாரம் 500 கட்ட வேண்டும். அவசரத்துக்கு அதை வாங்கி ஒரு கார்டை அடைத்துவிடலாம் என்றார். சட்டப்படி உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. இவர் கேட்பது ஒரு வாரத்துக்கே 10 விழுக்காடு. எங்கள் தாமானில் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றியதை இருவருமே பார்த்திருக்கிறோம். பார்த்தவர்கள்தான் அன்று அரைமணி நேரம் உட்கார்ந்து, வாங்கலாமா என்று பேசினோம். நெருக்கடி வந்தால் புத்தி அப்படித்தான் போகிறது.

வழி காட்டியது என் அலுவலகத் தோழி. பில் போடும் பிரிவில் இருக்கும் மலாய் அக்கா. நான் எதுவும் சொல்லாமலே, மதியத்தில் சாப்பிடாமல் எக்செல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறார். “நானும் இருந்தேன் அங்கே” என்றார் மலாயில். அவர் ஆறு ஆண்டுகளாக ஏ.கே.பி.கே. திட்டத்தில் கட்டி வருகிறாராம். பக்கத்து மேசையில் இருப்பவர். எனக்குத் தெரியாது.

ஏ.கே.பி.கே.யில் என்ன நடந்தது

பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த நிறுவனம் இது. கடன் ஆலோசனையும் கடன் நிர்வாகத் திட்டமும் தருகிறது. கட்டணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். “உங்கள் கடனை நாங்கள் பேசி முடிக்கிறோம், சிசிரிஸ் பட்டியலிலிருந்து பெயரைச் சுத்தம் செய்கிறோம்” என்று ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்கும் ஆட்கள் சமூக ஊடகத்தில் நிறைய. சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவு. உங்கள் அறிக்கையை நீங்களே இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். வங்கி அனுப்பிய உண்மையான தகவலைக் காசு வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது.

அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், இபிஎஃப் அறிக்கை, எல்லாக் கடன்களின் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஒருநாள் விடுப்புப் போட்டுப் போனோம். திருடிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போகிறவள்போலப் போனேன். அங்கே காத்திருந்தவர்களில் ஆசிரியர்போல இருந்தவர் ஒருவர், டை கட்டிய இளைஞர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு சீனத் தம்பதி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆலோசகர் ஓர் இளம்பெண். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் கேட்டது கடனைப் பற்றியே அல்ல. “மாதம் எவ்வளவு இருந்தால் உங்கள் குடும்பம் ஒழுங்காகச் சாப்பிட்டு வாழ முடியும்?” என்று கேட்டார். நான் 2,500 என்றேன். அவர் சிரித்துவிட்டு, “உண்மையைச் சொல்லுங்கள். பொய்யாகக் குறைத்தால் மூன்றாவது மாதமே திட்டம் உடையும்” என்றார். பால் மாவு, பெட்ரோல், மாமியார் மருந்து, பள்ளி வேன், மொய்ப் பணம் என்று வரிவரியாக எழுதினோம். கோயில் உண்டியல்கூட எழுதினார். 3,500 வந்தது. எதைக் குறைக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, எங்களையே கேட்டார். ஆஸ்ட்ரோ போனது. இரண்டு தொலைபேசித் திட்டங்கள் மலிவானவையாக மாறின. வார இறுதியில் வெளியே சாப்பிடுவது மாதம் ஒருமுறை ஆனது. 3,000-இல் நின்றோம்.

வீட்டுக் கடனையும் காரையும் நாங்கள் நேரடியாகவே தொடர்ந்து கட்டுவது என்று முடிவானது. கார் தவணையை இரண்டு மாதம் நிறுத்தி கார்டுக்குக் கட்டலாமா என்று முன்பு யோசித்திருக்கிறேன். வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலே 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காரை இழுத்துப் போகலாம் என்று அன்றுதான் அறிந்தேன். கார் போனால் வேலைக்கு எப்படிப் போவது? திவால் ஆக்கிவிடுவார்களோ என்ற பயத்தையும் அவரிடம் கேட்டேன். 2021 செப்டம்பரிலிருந்து திவால் நடவடிக்கைக்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். அதற்கு முன் 50,000-ஆக இருந்தது. எத்தனை இரவுகள் அதை நினைத்தே விழித்திருந்தேன்!

மூன்று கார்டுகளும் தனிநபர் கடனும் ஒரே தவணையாயின. வங்கிகள் ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தன. முடிவு: மாதம் 690 வெள்ளி, 84 மாதங்கள். முன்பு இந்த நான்குக்கும் 1,870 போய்க்கொண்டிருந்தது. வட்டி இல்லாமல் போய்விடவில்லை, குறைந்தது. அசல் முழுவதையும் நாங்கள்தான் கட்டுகிறோம். 84-ஐ 690-ஆல் பெருக்கிப் பாருங்கள், மலிவு என்று சொல்லமாட்டீர்கள்.

விலையும் உண்டு. கார்டுகள் போய்விட்டன. திட்டத்தில் இருப்பது பதிவில் தெரியும், ஆகவே புதுக் கடன் என்ற பேச்சே இல்லை. தவணைகளைத் தவறவிட்டால் திட்டம் ரத்தாகலாம். வங்கிகள் பழைய கணக்குக்கே திரும்பும். வருமானத்தில் செலவு போக ஒன்றுமே மிஞ்சாதவருக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. வேலை போய் ஓராண்டு கழித்துப் போவதைவிட, ஓ.டி. நின்ற மாதத்திலேயே போவது எவ்வளவோ மேல். வட்டி முதலைகளிடம் வாங்கிய கடனும் இதில் சேராது. நல்லவேளை, நாங்கள் அந்த 5,000-ஐ வாங்கவில்லை.

555 புத்தகம்

மாமியாரிடம் சொல்லத்தான் எனக்கு அதிகம் நாக்கு எழவில்லை. அவர்தான் சொன்னார், நான் அல்ல. அத்தை ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, மறுநாள் கடைக்குப் போய் 60 காசோ 70 காசோ கொடுத்து ஒரு 555 புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கடையில் சாமான் வாங்கி 555-இல் எழுதி, சம்பள நாளில் கழிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம்.

“அப்போ கடைக்காரன் மூஞ்சியப் பார்த்துத்தான் வாங்கணும். பாக்கி ஏறிச்சுன்னா, போதும்மான்னு அவனே நிறுத்திருவான். எங்களுக்கும் வெட்கமா இருக்கும். ஒன் கார்டு ஒன்னும் கேக்காதா?” என்றார்.

ஏற்றித்தான் கொடுப்பார்கள் அத்தை என்றேன். உண்மைதான். 2021-இல் ஒரு வங்கி, நான் கேட்காமலே அழைத்து, என் கடன் வரம்பை உயர்த்திக்கொள்ளச் சொன்னது. நல்ல வாடிக்கையாளராம் நான்.

அந்தப் புத்தகத்தில் அன்றாடச் செலவை எழுதுகிறோம். செயலி எல்லாம் முயன்று பார்த்தேன், எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவரவில்லை. மேசைமேல் கிடக்கும் புத்தகத்தில் அவரும் எழுதுகிறார், அத்தை வாங்கும் வெற்றிலையும் எழுதப்படுகிறது. எட்டாவது புத்தகம் ஓடுகிறது.

எல்லாம் சீராகப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப்படி மாதம் 260 வெள்ளி மிஞ்ச வேண்டும். 2023 மே மாதம் பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 3 விழுக்காட்டுக்கு ஏறியது. அதற்குள் எங்கள் வீட்டுக் கடன் தவணை ஏறக்குறைய 50 வெள்ளி கூடியிருந்தது. அதே ஆண்டில் கார் கியர்பாக்ஸ் போய் 1,900 வெள்ளி கேட்டது. முன்பானால் தேய்த்திருப்பேன். இப்போது தேய்க்க ஒன்றும் இல்லை. மூன்று வாரம் அவர் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிப் போனார், மழை நாளில் பஸ். கொழுந்தனாரிடம் நேராகவே கேட்டோம். “கடன் திட்டத்தில் இருக்கிறோம், 1,000 வெள்ளி வேண்டும், ஐந்து மாதத்தில் தருவோம்” என்று காரணத்தோடு கேட்டது அதுதான் முதல்முறை. கொடுத்தார். அதுவும் 555-இல் எழுதிக் கழித்தோம்.

வளையல்களில் ஒன்றை விற்று, வருட இறுதி போனஸில் கொஞ்சம் சேர்த்து மற்றொன்றை மீட்டோம். அடகில் வட்டி கட்டிக்கொண்டே இருப்பதைவிட அதுவே மேல் என்று பட்டது. ஒற்றை வளையலைப் போட்டுக்கொண்டு நாத்தனார் மகள் சடங்குக்குப் போனேன். ஒருத்தி கேட்டாள். “வித்துட்டேன்” என்றேன். அவள்தான் சங்கடப்பட்டாள்.

2023 ஜனவரியில் தொடங்கிய தவணை இந்த மாதத்தோடு 34 ஆகிறது. இன்னும் 50 இருக்கின்றன. சம்பளம் வந்த அன்று அவர்தான் இணையத்தில் கட்டுகிறார். கட்டிய ரசீதை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், சென்ற வாரம் அலுவலகத்தில் நடந்த ஒன்று. புதிதாகச் சேர்ந்த தம்பி, 26 வயது, பட்டதாரி. தன் கைத்தொலைபேசியை என்னிடம் காட்டி, “அக்கா, மினிமம் கட்டினா போதும்தானே?” என்று கேட்டான். இரண்டு கார்டு, ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ வகையில் மூன்று செயலிகள். அப்பாவுக்கு டயலிசிஸ் தொடங்கியதிலிருந்து இப்படியாம். என் பழைய எக்செல் கணக்கைத் திறந்து, அவன் எண்களைப் போட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் திரையையே பார்த்தான்.

“வீட்ல சொல்லணுமா அக்கா?” என்றான்.

ஏ.கே.பி.கே.யில் நாள் கேட்டு அவனே பதிந்துகொண்டான், வரும் செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் அவன் அம்மாவிடம் பேச வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது, நீங்களும் வாங்க அக்கா என்கிறான். சனிக்கிழமை மாலை கேப்பாருக்குப் போகிறேன். என் வீட்டுக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.